கடம்பூர் மாளிகையின் இருட்டு

*சரித்திரமும் மர்மமும் ஒன்றாய்க் கலந்த நாவல்கள் ஜப்பானில் ஒரு நூற்றாண்டாகத் தழைத்திருக்கின்றன. தமிழில் அதற்கு இணையாக நிற்கும் ‘பொன்னியின் செல்வ’னும், அதன் திரைவடிவங்களும், அதை மலையகத்திலிருந்து வாசிப்பதன் தனிச்சுவையும்.*

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் ஆலயச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள ஒரு சாசனம், முதலாம் இராசராசன் தன் இரண்டாம் ஆட்சியாண்டிலே வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அனுப்பிய ஆணை ஒன்றை எடுத்துரைக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளான சோமன், அவன் தம்பி ரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன் ஆகியோரின் உடைமைகளும், அவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகளும் பறிமுதலாக வேண்டும் என்பதே அந்த ஆணையின் சாரம். பறிமுதலான நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலுக்கு அறமாக அளித்த காரணத்தினால்தான் இச்செய்தி கல்லில் ஏறி நமக்குக் கிடைத்திருக்கிறது. கொலை எங்கே நிகழ்ந்தது, எந்த ஆயுதத்தினால், எந்த நோக்கத்துக்காக, கொன்றவர்களைப் பின்னால் நின்று ஏவியவர் உண்டா இல்லையா என்ற வினாக்களில் ஒன்றுக்கேனும் அந்தக் கல் விடை கூறவில்லை.

சுந்தர சோழரின் மூத்த குமாரனும், பட்டத்துக்கு உரியவனும், வீரபாண்டியனைப் போர்க்களத்தில் வென்றவனுமான ஆதித்த கரிகாலன் ஏறத்தாழ 970ஆம் ஆண்டளவில் மாண்டான். அவனுக்குப் பின் அரசேற்றவர் அவன் தம்பி அருள்மொழிவர்மன் அல்லர். சிற்றப்பன் முறையினரான உத்தம சோழர். 985இல் அருள்மொழி இராசராசனாக முடிசூடிய பிறகே கொலைஞரின் சொத்துகள் பறிமுதலாயின என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் நீதி ஏன் உறங்கிக் கிடந்தது? உத்தம சோழர் மீதே ஐயம் கொள்ள இடமுண்டு என்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். அது பொருந்தாது என்று சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கொலைஞரின் பட்டங்களோ துப்பறிவோனை மேலும் மயக்குகின்றன. ரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்று அழைக்கப்படுகிறான். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயராதலால், தன் மன்னன் தலையை வெட்டியவனைப் பழிவாங்கிய பாண்டிய விசுவாசி அவன் என்று கொள்ளலாம். ஆனால் பரமேசுவரனின் பட்டமோ ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’; அது சோழ அரசாங்கம் தன் அதிகாரிக்கு வழங்கிய பட்டம். ஆகவே ஒரு பெயர் பாண்டிய நாட்டையும், மற்றொரு பெயர் சோழ அரண்மனையையும் சுட்டிக்காட்டுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாகியும் இந்த விசாரணை முற்றுப்பெறவில்லை.

இந்தச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி தம் வார இதழில் 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கி, 1954 மே மாதம் வரை, மணியத்தின் சித்திரங்களோடு ஐந்து பாகங்களாக எழுதி முடித்தார், அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். ரவிதாசனும் பரமேசுவரனும் கல்வெட்டிலிருந்து எழுந்து வந்து திருப்புறம்பயம் பள்ளிப்படையின் நள்ளிரவுக் கூட்டத்தில் சபதம் செய்தார்கள். வரலாற்றில் குந்தவையின் கணவராகப் பெயர் மட்டுமே எஞ்சி நின்ற வல்லவரையர் வந்தியத்தேவர், வாலிபமும் துடுக்கும் வாய்த்த தூதனாகக் குதிரையேறினார். எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறாத நந்தினி, ஆசிரியரின் கற்பனையிலிருந்து பிறந்து, கதையிலுள்ள அத்தனை பேருடைய விதியையும் தன் விரல்களில் சுற்றிக்கொண்டாள். இது சரித்திர நாவல் என்றே நாம் பழகிவிட்டோம். ஆயினும் இதன் எலும்புக்கூடு மர்ம நாவலின் எலும்புக்கூடே என்பது என் துணிபு. வரப்போகும் ஒரு கொலையை முதற் பாகத்திலேயே வாசகர் மோப்பம் பிடித்துவிடுகிறார். நான்காம் பாகம் முழுவதும் அதைத் தடுக்க முடியாதா என்று தவிக்கிறார். கரிகாலன் மடியும் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த பிறகு, யாருடைய கை அதைச் செய்தது என்று ஐந்தாம் பாகம் முடியும்வரை தேடுகிறார்.

எடோ நகரத்துத் துப்பறிவோர்

இத்தகைய எழுத்துக்கு உலகில் மிகச் செழித்த பண்ணை ஜப்பானே. அங்கே ஒகமோட்டோ கிடோ என்னும் நாடகாசிரியர், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை ஆங்கிலத்தில் வாசித்து வியந்தவர், 1917இல் ஹன்ஷிச்சி என்ற துப்பறிவோனைப் படைத்தார். ஷோகுன்களின் ஆட்சி 1868இல் வீழ்ந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பழைய எடோ நகரம் டோக்கியோவாகப் பெயரும் உருவும் மாறிவிட்டிருந்தது. ஓய்வுபெற்ற முதியவராகிய ஹன்ஷிச்சி, தம்மைத் தேடிவரும் ஓர் இளம் பத்திரிகையாளனை எதிரே உட்கார வைத்து, தம் வாலிபத்தில் துலக்கிய வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுகிறார். குற்றத்தைக் கண்டுபிடிப்பது கதையின் பாதிச் சுவைதான். மறைந்துபோன ஒரு நகரத்தின் திருவிழாக்களும், தெருக்களும், பேய்க் கதைகளும், பனிக்கால இரவுகளும் அந்த முதியவரின் நினைவில் மீண்டும் உயிர் பெறுவது மறுபாதி. 1937 வரை கிடோ எழுதிய இவ்வரிசையே பின்னர் வந்தோர் அனைவருக்கும் வழியாயிற்று.

நொமுரா கொடோ, குற்றவாளி மீது காசு வீசி வீழ்த்தும் செனிகட்டா ஹெய்ஜியைப் படைத்து 1931 தொடங்கி 1957 வரை 383 கதைகள் எழுதினார். அவற்றைக் கொண்டு 1966 முதல் 1984 வரை ஒரே நடிகரைத் தலைவராக வைத்துத் தொலைக்காட்சியில் 888 பகுதிகள் ஒளிபரப்பாயின. இக்கெனாமி ஷோடாரோவோ உண்மையில் வாழ்ந்த ஒருவரையே தேர்ந்தார். தீவைப்போரையும் கொள்ளையரையும் அடக்கும் படையின் தலைவராக எடோவில் பணியாற்றிய ஹஸெகாவா ஹெய்ஸோ (1745–1795) அவருடைய நாயகர். அந்த வேடத்தை 1969இல் தொலைக்காட்சியில் முதலில் ஏற்ற கபுகி நடிகரின் புதல்வரான நகமுரா கிச்சியெமோன் 1989 முதல் 2016 வரை அதே வேடத்தைத் தாங்கினார். அண்மையில் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் ஒருவர் அதை ஏற்றிருக்கிறார். ஒரு பாத்திரத்தைக் குலச்சொத்தாகப் பேணும் இந்த மரபை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

இருப்பினும் ஒரு பெரும் வேற்றுமையை மறந்துவிடலாகாது. ஹன்ஷிச்சியும் ஹெய்ஸோவும் அரசின் காவலர்கள். ஒழுங்கு அவர்கள் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் குற்றவாளி அகப்படுகிறான், நகரம் அமைதியாக உறங்குகிறது. கல்கியின் கதையிலோ ஐயம் அரண்மனைக்குள்ளேயே உலவுகிறது. தனாதிகாரியும் கோட்டைத் தலைவரும் சிற்றரசர்களும் கூடிச் சதி செய்கிறார்கள். துப்பறிய வந்த வந்தியத்தேவனே கொலைஞன் என்று சிறையில் அடைபடுகிறான். தனாதிகாரியான பெரிய பழுவேட்டரையர் சபை நடுவில் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு உயிர் நீக்கிறார். ஆயினும் அவர் கூற்று முழு உண்மையா, வந்தியத்தேவனைக் காக்கச் சொன்னதா, தம் குலத்து மாசைக் கழுவச் சொன்னதா என்ற ஐயத்தை ஆசிரியர் தீர்த்து வைக்கவில்லை. இருட்டிலே பலருடைய கத்திகள் இருந்தன என்பது மட்டுமே உறுதி. தொடர் முடிந்ததும் வாசகர் பலர் ஏமாற்றமடைந்து கேள்விகள் எழுப்பினர்; அவற்றுக்கென்று கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று.

இதைக் குறை என்று எண்ணுவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. சாசனம் எவ்விடத்தில் நிற்கிறதோ அவ்விடத்தில் தாமும் நின்றது கல்கியின் சத்தியம். நந்தினியைப் படைக்கவும், ஊமை ராணியைப் படைக்கவும், பூங்குழலியை ஓடம் விடச் செய்யவும் கூசாத அந்தக் கற்பனை, வரலாறு விடை தராத ஒரே ஒரு கேள்விக்குத் தானாக விடை புனையத் தயங்கிற்று. கொலைப்பழி என்பது ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் ஒருவர் பெயரின்மேல் ஒட்டிக்கொள்வது. ஆதாரமில்லாமல் அதை உத்தம சோழர் மீதோ வேறெவர் மீதோ சுமத்துவது நீதியாகாது. அதனால்தான், உத்தம சோழரை ஐயத்திலிருந்து காக்கும்பொருட்டு, தொட்டிலில் குழந்தை மாறிய கதையொன்றைப் பின்னி, உண்மையான உத்தமராக அரசாசையே அறியாத சேந்தன் அமுதனை அரியணையில் ஏற்றினார்.

மாதோட்டத்திலிருந்து தம்புள்ளைக்கு

மலையகத்தில் இருந்துகொண்டு இந்நாவலை வாசிப்பவனுக்கு, தஞ்சையிலோ சென்னையிலோ வாசிப்பவனுக்குக் கிட்டாத ஓர் அனுபவம் கிட்டுகிறது என்று நான் திடமாக நம்புகிறேன். இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ பெரும்பாலும் நம் தீவிலேயே நிகழ்வது. கோடிக்கரையிலிருந்து கடல் கடந்து வரும் வந்தியத்தேவன் மாதோட்டத்துப் படைவீட்டை அடைந்து, காட்டு வழியாகத் தம்புள்ளையை நோக்கி நடக்கிறான். அந்த வழியை நம்மவர் எவரும் மறக்க இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கங்காணிமாரின் சொல்லை நம்பி இராமேசுவரத்துக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டினூடே நடந்து, பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே பலரை மண்ணுக்குக் கொடுத்து, எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் வந்தடைந்த பாதை அதுவே. கல்கியின் வீரன் குதூகலத்தோடு நடந்த காட்டில் நம் முப்பாட்டன்மார் வேறு விதமாக நடந்தார்கள். அந்த அத்தியாயங்களை நாம் வாசிக்கும்போது நாவலில் இல்லாத அவர்களுடைய காலடிச் சத்தமும் கூடவே கேட்கிறது.

இலங்கைப் பகுதியின் மர்மமும் சாதாரணமானதன்று. முதலாம் பராந்தகனிடம் தோற்ற பாண்டிய மன்னன் இராசசிம்மன் இத்தீவுக்கு ஓடிவந்து தன் மணிமுடியை இங்கே விட்டுச் சென்றதையும், அதைத் திரும்பக் கேட்ட சோழனுக்குச் சிங்கள அரசன் தர மறுத்ததையும் மகாவம்சமே பதிவு செய்திருக்கிறது. அந்த முடி உரோகணத்து மலைகளில் மறைந்திருப்பதாகக் கல்கி கதை நடத்துகிறார். பின்னாளில் முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவில், ஐந்தாம் மகிந்தன் உரோகணத்தில் சிறைப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அனுராதபுரத்தில் பௌத்த சங்கத்தார் அளிக்க முன்வந்த சிங்காதனத்தை அருள்மொழி மறுக்கும் காட்சியோ முற்றிலும் கற்பனை. ஆனால் சோழரின் பொலன்னறுவை கற்பனையன்று. சோழ அரசி ஒருவரின் பெயர் தாங்கிய வானவன் மாதேவி ஈசுவரம் இன்றும் அங்கே கல்லாய் நிற்கிறது. ஹற்றனிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால் அன்றே கண்டு திரும்பலாம்.

இத்தொடர் வெளிவந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியிருந்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்களுடைய வாக்குச்சீட்டு பறிபோயிருந்தது. அவ்வாண்டே கொழும்பில் அவர்களுடைய தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, லயத்துக்குத் திரும்பிய ஒரு சமூகத்திலே எழுத்தறிந்த சிலர் அதே நாட்களில், அரசுரிமை யாருக்கு உரியது என்று ஆயிரக்கணக்கான பக்கங்களில் விவாதிக்கும் கதையை வாசித்தார்கள். தமிழகத்து வார இதழ்கள் 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் தடைப்பட்ட பிறகு, தொடர்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பழைய கட்டுகளே கைமாறி வாசிக்கப்பட்டன. பொன்னர் சங்கர் கதையையும் காமன் கூத்தையும் இரவிரவாக ஆடியும் பார்த்தும் பழகிய மக்களுக்கு, சதியும் சபதமும் வீரமரணமும் நிறைந்த நெடுங்கதை அந்நியமாகப்படவில்லை.

திரையின் வெளிச்சம்

கல்கியின் கதைகள் அவர் வாழ்நாளிலேயே திரைக்குப் பழகியவை. ‘தியாக பூமி’ 1939இல் படமாயிற்று. அவர் மறைந்தபின் ‘கள்வனின் காதலி’ 1955இலும், ‘பார்த்திபன் கனவு’ 1960இலும் வெளிவந்தன. பார்த்திபன் கனவில் ஒரு மர்மம் உண்டு: ஊர் ஊராய் வந்து சோழ இளவரசனுக்குத் துணைநிற்கும் சிவனடியார் யார் என்பது. ஏட்டிலே அந்த முகத்தைக் காட்டாமல் மறைக்க ஆசிரியரால் இயன்றது. திரையிலோ தாடிக்குப் பின்னாலுள்ள நடிகரை ரசிகர் முதற் காட்சியிலேயே கண்டுகொள்கிறார். மர்மக் கதையைப் படமாக்குவோர் அனைவருக்கும் நேரும் சங்கடம் இது.

‘பொன்னியின் செல்வ’னைப் படமாக்க முதலில் முனைந்தவர் நம் மண்ணில் பிறந்தவர். ஹற்றனுக்குப் புகையிரதத்தில் வருவோர் கடந்துவரும் நாவலப்பிட்டியிலே 1917 ஜனவரி 17ஆம் நாள் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன், 1950களின் பிற்பகுதியில் அதன் உரிமையைப் பெற்று, பிற்காலத்தில் புகழ்பெற்ற இயக்குநரான மகேந்திரனைத் திரைக்கதை எழுதவும் பணித்தார். அம்முயற்சி கைகூடவில்லை. 1999இல் சென்னையில் இளங்கோ குமரவேலின் நாடகப் பிரதியைக் கொண்டு அரங்கேறிய மேடை வடிவமே, இந்நாவலைச் சில மணி நேரத்துக்குள் அடக்க முடியும் என்பதை நிரூபித்தது. அதே குமரவேலும், வசனத்துக்கு ஜெயமோகனும் துணைநிற்க, மணிரத்னம் இயக்கிய இரண்டு பாகங்கள் 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளியாயின.

படத்தின் சிறப்புகளை மறைப்பது முறையன்று. நந்தினிக்கும் ஊமை ராணிக்கும் உள்ள உருவ ஒற்றுமையைக் கல்கி பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஐசுவர்யா ராய் இரு வேடங்களையும் ஏற்றதால் திரை அதை ஒரு கணத்தில் சாதித்துவிட்டது. விக்ரமின் கரிகாலன், நாவலில் வரும் கரிகாலனைவிடவும் ஆழமான வேதனையோடு நிற்கிறான் என்பது என் அபிப்பிராயம். மணிமேகலை விடுபட்டதையும், குழந்தை மாறிய கிளைக்கதை கைவிடப்பட்டதையும் கால நெருக்கடியின் பொருட்டு மன்னிக்கலாம். இலங்கையின் காடுகளுக்குத் தாய்லாந்தின் காடுகள் நின்றது நமக்கு மனத்தாங்கலே; அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது கடம்பூர் மாளிகையில் நிகழ்கிறது. கல்கி விளக்கை அணைத்த அறைக்குள் படம் விளக்கேற்றுகிறது. கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்க, அவன் தன் மரணத்தைத் தானே விரும்பி ஏற்றுக்கொள்ளும் காட்சி உள்ளத்தை உருக்குகிறது. நடிப்பும் இசையும் ஒளியும் அங்கே உச்சத்தை எட்டுகின்றன. எனினும் அந்தக் கணத்திலேயே விசாரணை முடிந்துவிடுகிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்ட ரவிதாசனும் பரமேசுவரனும் கொலையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள்; வரலாற்றுத் துரோகத்தின் இடத்தில் காதலின் துயரம் அமர்கிறது. எழுபது ஆண்டுகளாக வாசகர்கள் தத்தம் தீர்ப்பை எழுதி வந்த ஏட்டில் இயக்குநர் இறுதித் தீர்ப்பை எழுதிவிட்டார். அழகிய தீர்ப்புத்தான், ஆனால் சாசனம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை.

ஜப்பானியர் ஒரு துப்பறிவோனை நூற்றுக்கணக்கான பகுதிகளில் வாழவைத்ததற்குக் காரணம், அவர்கள் ஒரு காலத்தை முழுமையாக மீட்க விரும்பியது. நமக்கோ ஒரு பெரும் நாவல், அதற்கு இரண்டு படங்கள், அத்தோடு நின்றுவிடுகிறோம். மலையகத்துக்கு இதில் தனிப்பட்ட கடமை உண்டு. தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தில், வி. பி. கணேசனின் முயற்சியில், 1975இல் ‘புதிய காற்று’ என்ற மலையகத் திரைப்படம் வந்தது. நம் வாழ்வும் திரைக்கு ஏற்றதே என்பதை அது அன்றே காட்டிற்று. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரால் சுடப்பட்டு இறந்த கோவிந்தன் என்னும் தொழிலாளியின் மரணம், விசாரணைக் கமிஷனையும், தொடர்ந்து மந்திரிமாரின் பதவி விலகலையும் கொண்டுவந்த நிகழ்ச்சி. சாட்சியங்களும், முரண்பட்ட வாக்குமூலங்களும், அதிகாரத்தின் உயர்ந்த படிகள்வரை சென்ற கேள்விகளும் அடங்கிய இந்த வழக்கைவிடச் சிறந்த சரித்திர மர்மக் கதைக்கு மூலப்பொருள் வேறென்ன வேண்டும்?

ஹன்ஷிச்சியின் கதைகளில் வருவதுபோல, கேட்க ஓர் இளைஞனும் சொல்ல ஒரு முதியவரும் இருந்தால் போதும். சொல்லக்கூடிய முதியவர்கள் நம் லயங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுதும் ஆர்வமுள்ள நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களிடம் சென்று, காலந்தாழ்த்தாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். தெரியாதது எதுவோ அதைத் தெரியாதென்றே விட்டு எழுத வேண்டும்.